ஆச்சியின் ரேந்தை

தாராவி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்த தகரப்பெட்டியில் ஆச்சியின் கல்யாண முக்காடு கிடைத்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய நூலில் வெள்ளைப் பூவேலை. அதை ஆச்சி லேஸ் என்று சொன்னதே இல்லை. ‘ரேந்தை’ என்பாள்.

குரோஷா என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் இடத்தில் பிய்ந்திருந்ததால், மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் அதே மாதிரி நூல் கேட்டேன். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “இது ஊசியால போட்டது இல்லையே தம்பி. நெசவு மாதிரின்னா இருக்கு.”

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குரோஷா என்றால் ஒரே நூல், கொக்கி ஊசி கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துக்கொண்டு போகும். முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று அவிழும். இதில் கண்ணியே இல்லை. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முறுக்கிக்கொண்டு, விலகிப் போயிருந்தன. திண்டில் வைத்துப் பின்னும் லேஸ் அது. திண்டின்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசி, ஜோடி ஜோடியாக நூல் சுற்றிய கட்டைகள். கைக்கு இரண்டே வேலை: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது.

ஆச்சி இடையன்குடியில் படித்தவள். அந்த ஊர் என்றாலே நமக்குக் கால்டுவெல், 1856-இல் வந்த ஒப்பிலக்கணம். அவர் மனைவி எலைசாவை யார் நினைக்கிறார்கள்? நாகர்கோவிலில் தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் மணமாகி இடையன்குடிக்கு வந்தவர், பெண்பிள்ளைகளின் பள்ளியோடு லேஸ் வேலையையும் தொடங்கினார். அது தாய்வீட்டுச் சீதனம். அவருடைய அம்மா மார்த்தா மால்ட், லண்டன் மிஷன் பாதிரியாரான கணவரோடு 1819-இல் நாகர்கோவில் வந்து, அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று முக்காட்டை மடித்துவைக்கக் கை வரவில்லை.

சரி, ரேந்தை? துரைசானி சொல்லிக்கொடுத்த வேலைக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டவில்லை. அது போர்த்துகீசிய ‘ரெந்தா’. ஜன்னலும் அலமாரியும் சாவியும் வந்த அதே கப்பலில் வந்த சொல். இலங்கையின் தென்கரையில் காலி, வெலிகமப் பக்கம் இதே வேலைக்குப் பெயர் ‘பீரலு’. அதுவும் போர்த்துகீசியம்தான், கட்டையைக் குறிக்கும் ‘பில்ரோ’. சொல் முதலில் கரையேறி, வேலை பின்னால் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது என்பது என் கணக்கு.

ஆனால் ஆச்சி திண்டு வைத்துப் பின்னி நான் பார்த்ததே இல்லை. கையில் எப்போதும் குரோஷா ஊசிதான். செம்பூர் சித்தியிடம் கேட்டேன்.

“பத்துக்குப் பத்து ரூம்ல ஏழு பேரு. திண்டை எங்கல வைக்க? குரோஷான்னா குழாயடி வரிசையில நின்னே போடலாம்லா.”

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு துண்டு கிடக்கலாம். கண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பின்னியவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.