பிழை இல்லை, பிள்ளையும் இல்லை

2021 எஸ்.பி.எம். முதல் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் கேள்வி, சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். பாடநூல்களிலும் இதுபோன்ற பயிற்சிகள்தாம்: குறிப்புகளைக் கொடுத்து வாக்கியமாக்கச் சொல்வார்கள். தொடங்குபவருக்கு இந்தக் கைத்தாங்கல் தேவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தன்னிடம் சொல்ல எதுவுமில்லை என்றே பிள்ளை நினைத்துவிடும்.

செனாயில் ஐந்தாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள் எழுதியதில் பிழையே இல்லை, அவளும் இல்லை. வானொலியில் நாங்கள் ஒரே ஒரு நேயரை நினைத்துத்தான் பேசுவோம். "பினாங்குத் தோழி செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். அவளை எங்கே தோசை சாப்பிடக் கூட்டிப்போவாய்? அதை எழுதும்மா" என்றேன். இரண்டு இலக்கணப் பிழையோடு எழுதினாள். படித்ததும் எனக்குப் பசித்தது.

பெற்றோரே, ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால், பிழைகளை எண்ணுமுன் அதில் உங்கள் பிள்ளை தெரிகிறாளா என்று பாருங்கள்.