எந்தப் பெட்டி உசத்தி?

எந்தக் கோர்ட்டாலும் தீர்க்க முடியாத வழக்குகள் சில உலகத்தில் உண்டு. காப்பிப் பொடியில் சிக்கரி கலக்கலாமா, கூடாதா? தியாகராஜ பாகவதர் உசத்தியா, பி. யு. சின்னப்பா உசத்தியா? எங்கள் காலத்தில் அது சிவாஜியா, எம்.ஜி.ஆரா என்று ஆயிற்று. சாட்சிகள் ஏராளம்; வக்கீல்கள் அதைவிட ஏராளம்; தீர்ப்புதான் கிடையாது. இந்த ஜாபிதாவில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டெலிவிஷனோடு இணைத்து விளையாடுகிற விடியோ கேம் பெட்டிகளுக்குள் எது உசத்தி என்பதுதான் அது.

சிறு பிள்ளைகளின் சச்சரவுதானே என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களில் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நின்டெண்டோ கட்சி, ஸெகா கட்சி என்று பிரிந்து நின்று வாதாடினார்கள். அந்தப் பையன்களுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஸெகாவோ 2001-ல் பெட்டி செய்வதையே விட்டுவிட்டது. வாதம் மட்டும் நின்றபாடில்லை.

எங்கள் வீட்டில் இந்த வழக்கு விசாரணைக்கு வந்த காரணம் வேறு. மயிலாப்பூரில் நாங்கள் இருந்த பழைய வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டப் போகிறார்கள். அதுவரை வாடகை ஃபிளாட்டில் ஜாகை. பரண் என்ற பரோபகாரி ஃபிளாட்டில் கிடையாது பாருங்கள்! பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் மூன்று பழைய விளையாட்டுப் பெட்டிகளும் இருந்தன. புது வீட்டு டெலிவிஷனுக்கு அடியில் இரண்டே தட்டுகள். ஒன்றைப் பேரனுடைய புதுப் பெட்டி பிடித்துக் கொண்டுவிட்டது. மற்றதில் ஒரே ஒரு பழைய பெட்டிக்குத்தான் இடம். எதற்கு?

நீதிபதி ஸ்தானம் எனக்குக் கிடைத்தது. அதற்கு என் யோக்கியதை இரண்டு. ஒரு பெட்டியிலும் நான் ஜெயித்ததில்லை. எல்லாப் பெட்டியையும் தூசி துடைத்திருக்கிறேன்.

முதலில் எழுந்தவன் பெரியவன் மூர்த்தி. 1993-ல், அவனுக்குப் பதினொரு வயதில், பர்மா பஜாரில் வாங்கிய 'டி.வி. கேம்' அவன் கட்சிக்காரர். அது அசல் சரக்கு அல்ல, நகல். அசல், ஜப்பானில் நின்டெண்டோ 1983-ல் கொண்டு வந்த 'ஃபாமிகாம்'. அந்தக் கம்பெனி 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக் கட்டு செய்து பிழைக்க ஆரம்பித்ததாம். சீட்டாட்டத்தால் கெட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர்கள் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்!

"அம்மா, இந்தப் பெட்டியில் வேலை செய்கிற ஞாபக சக்தி மொத்தம் இரண்டு கிலோபைட்தான். மேரியோ ஆட்டம் முழுவதும் நாற்பது கிலோபைட். அப்பா தினமும் காலையில் கைப்பேசியில் அனுப்புகிறாரே ரோஜாப்பூ வணக்கம், அதில் பாதி கூட வராது. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு ராஜ்யத்தையே அடக்கினார்களே, அதுவல்லவா சாமர்த்தியம்?" என்றான்.

கேசட்டைச் செருகினால் அடுத்த விநாடியே ஆட்டம் ஆரம்பம் என்பது அவனுடைய இரண்டாவது பாயிண்ட். அது சில நாளைக்கு வாஸ்தவம். மற்ற நாளெல்லாம் கேசட்டைப் பிடுங்கி, அதன் வாயில் 'ஊ' என்று ஊதி, மறுபடி செருகுவான். ஊதுவது தப்பு, மூச்சு ஈரத்தில் தகடு கறுத்துப் போகும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. பிடுங்கிச் செருகினதில்தான் சரியாயிற்றே தவிர, ஊதினதில் அல்லவாம். பலன் ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு என்பது சம்சாரத்தில் புதுசா என்ன?

அடுத்த வக்கீல் இளையவன் ரகு, டல்லஸிலிருந்து கைப்பேசித் திரையில் ஆஜரானான். அவன் கட்சி, 2003-ல் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய 'பிளேஸ்டேஷன் 2'. "சோனி கம்பெனி பதினாறு கோடிக்கு மேல் விற்ற பெட்டி அம்மா. வீட்டில் வைத்து ஆடும் பெட்டிகளில் இவ்வளவு விற்றது வேறொன்று கிடையாது. முந்தின பெட்டியின் தட்டுகளும் இதில் ஓடும். போதாததற்கு டி.வி.டி. படமும் ஓடும்" என்றான்.

கடைசிப் பாயிண்டை நானே சாட்சிக் கூண்டில் ஏறி ஒப்புக்கொள்கிறேன். 'தில்லானா மோகனாம்பா'ளை நானும் என் மாமியாரும் எத்தனை மத்தியானம் அந்தப் பெட்டியில் பார்த்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாவது ஆள், மூர்த்தியின் பிள்ளை நிகில், வயது பன்னிரண்டு. அவனுடையது 'பிளேஸ்டேஷன் 5'; 2020-ல் வந்தது. அதிலும் தட்டு நுழைக்க வாயே இல்லாத தினுசு. ஆட்டமெல்லாம் ஆகாய மார்க்கமாக வந்து இறங்குகிறது. "பாட்டி, பழசெல்லாம் எதுக்கு? இதுல படம் நிஜம் மாதிரியே இருக்கும். காத்துக்கிட்டே இருக்க வேண்டாம்" என்றான்.

"உன் ஆட்டங்களை விற்கிற கடையை ஒரு நாள் மூடிவிட்டால்?" என்று அப்பன்காரன் மடக்கினான். நியாயமான கேள்விதான். வீ-யூ என்ற பெட்டிக்கு நின்டெண்டோ நடத்திய கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதில் இனிப் புதிதாக எதையும் விலை கொடுத்து வாங்க முடியாது. மூர்த்தியின் மஞ்சள் கேசட்டுக்கு அந்தப் பயம் இல்லை. கடையே காணாமல் போனாலும் கேசட் அலமாரியில் இருக்கும்.

இவரைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாவற்றிலும் உசத்தி ரேடியோதான்" என்றார். அந்தச் சாட்சியம் தள்ளுபடி செய்யப்பட்டது.

வாதங்களைக் கேட்டபோது எனக்கு ஒன்று பட்டது. ஞாபக சக்தி, வேகம், விற்பனை எல்லாம் சரி. இந்தப் பெட்டி வம்சத்தின் மூல புருஷன் எதற்காகப் பிறந்தான்? 1972-ல் அமெரிக்காவில் மாக்னவாக்ஸ் கம்பெனி விற்ற 'ஒடிஸி'தான் முதல் பெட்டி. அதற்கு மூல காரணர் ரால்ஃப் பேர் என்ற இன்ஜினீயர். சிறு பிராயத்தில் நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அந்தப் பெட்டிக்குச் சத்தம் போடத் தெரியாது. எண்ணத் தெரியாது; பாயிண்டை நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும். திரையில் படம் வேண்டுமென்றால் வர்ணத் தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். கூடவே பகடையும் சீட்டும் காகிதப் பணமும் கொடுத்தார்கள். எதிராளியாக நின்று ஆடவும் அதற்குத் தெரியாது. ஆகவே பெரும்பாலான ஆட்டங்களுக்கு இன்னொரு மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும்.

பாருங்கள், முதல் பெட்டிக்குத் தெரியாமல் போனதுதான் அதன் பெருமை! இன்னொருவருக்கு இடம் விட்டதே, அதுதான் இந்த வம்சத்தின் குலதர்மம். அந்த உரைகல்லில் எல்லாரையும் உரைத்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன்.

மூர்த்தியின் பெட்டிக்குக் கைப்பிடி இரண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து டாங்க் ஆட்டம் ஆடுவார்கள். கழுகுச் சின்னம் போட்ட கோட்டையை இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். ஒருவன் குண்டு மற்றவன் மேல் பட்டால் பட்டவன் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். "வேணும்னே சுட்டாம்மா!" என்ற புகார் அடுக்களைக்கு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நிகிலின் பெட்டியோடு வந்தது ஒரே கைப்பிடி. ஆனாலும் அவனைத் தனிக்கட்டை என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கே அவன் உட்கார்ந்தால், டல்லஸில் வெள்ளிக்கிழமை இரவு சித்தப்பா உட்காருகிறான். பாய் கடல் தாண்டி நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நாலாவது பெட்டிக்கு வக்கீல் இல்லை. அது 2010-ல் லீவுக்கு வந்த ரகு கொண்டுவந்த 'வீ'. நின்டெண்டோ 2006-ல் விட்டது. அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்ததாகையால் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு. அது வந்தபோது படத்தின் தெளிவு போதாது என்று எதிர்க் கட்சியார் கேலி செய்தார்கள். அந்தக் கம்பெனியின் தலைவர் சடோரு இவாடா, ஆட்டமே ஆடாதவர்களை ஆட வைப்பதுதான் நோக்கம் என்றார். அப்படியே பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

அந்த 'ஆடாதவர்'களில் என் மாமியாரும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே, கைப்பிடியின் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் வீசி முன்னால் கொண்டுவந்து விரலை விடுவார். திரையில் பந்து உருண்டு போய்ப் பத்துக் கட்டையையும் சாய்க்கும். "ஏண்டி, அடுப்பு தன்னால எரியும். வந்து உன் முறையை ஆடு!" என்று என்னைக் கூப்பிடுவார். முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் இருந்தோம். சேர்ந்து விளையாடியது அந்த நாலு வருஷம்தான். 2014-ல் காலமாகிவிட்டார்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டியை நிகில் டெலிவிஷனில் மாட்டினான். ரகு அன்று செய்து வைத்த பொம்மைகள் வெள்ளை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தன. நடுவில் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒன்று. நிகிலுக்குக் கொள்ளுப் பாட்டியின் முகம் நினைவில் இருக்க நியாயமில்லை. அவர் போனபோது கைக்குழந்தை. "இது யாரு பாட்டி?" என்று கேட்டான். சொன்னேன்.

சற்று யோசித்துவிட்டு, "பொம்மையைக் கைப்பிடிக்குள்ளயே பத்திரப்படுத்தலாம் பாட்டி. பத்துப் பொம்மை வரைக்கும் பிடிக்கும். பெட்டியை வேணா தூக்கிப் போட்டுடலாம்" என்றான். உண்மைதானாம், அப்படியும் ஒரு வசதி உண்டு. பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, கூட உட்கார்ந்து ஆடுவது வேறு அல்லவா?

ஆகவே தீர்ப்பு இது. சாமர்த்தியத்தில் மூர்த்தியின் பெட்டி உசத்தி. உபயோகத்தில் ரகுவின் பெட்டி உசத்தி. வேகத்தில் நிகிலின் பெட்டி உசத்தி. ஆனால் எட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே வரிசையில் இலை போட்டது 'வீ' ஒன்றுதான். தட்டு அதற்கே. பழைய பெட்டிகள் இரண்டையும் அவரவர் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இரண்டு பிள்ளைகளும் அப்பீல் செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். பேஷாகச் செய்யட்டும். பந்து உருட்டலில் மாமியாரின் பெயரில் 213 பாயிண்ட் இருக்கிறது. முதலில் அதைத் தாண்டிவிட்டு வரட்டும்.