செவியும் கருவியும்

எம் தந்தையாரின் மோட்டார் வண்டிக்கு 20 ஆண்டு கடந்துவிட்டது. அதன் வானொலியிற் பாட்டின் சொற்கள் தெளிவுறாமையால், தம் செவியே மந்தமாயிற்றென்று எண்ணி, அவர் பாட்டுக் கேட்பதையே விட்டொழித்தார். யான் கதவின் உட்பலகையைக் கழற்றி நோக்கினேன். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு, வெப்பத்தாலும் ஈரத்தாலும் பொடிந்து உதிர்ந்திருந்தது. அதே அளவும் 4 ஓம் மின்தடையும் உடைய புதியன இரண்டு வாங்கினேன். 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனை கணநேரம் தீண்டப் பழைய கூம்பு எம்முனையில் வெளிநோக்கி அசைந்ததோ, அம்முனையின் கம்பிக்கு அடையாளமிட்டேன். ஒருபுறம் மட்டும் கம்பி மாறின், இருபுறக் கூம்புகளும் எதிரெதிராய் அசைந்து, தாழ்ந்த ஓசையை நலிவிக்கும்.

பணி முடிந்து வானொலி பாடியபொழுது, தந்தையார் தாமும் உடன் பாடினார். முதியோரின் புலன் குன்றிற்றெனத் துணியுமுன், அவர்தம் கருவியைச் சோதித்தல் நம் கடனன்றோ?