அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே

அறபு மொழியில் ‘ரியாளா’ என்றொரு சொல் உண்டு. அடங்காக் குதிரைக் குட்டியைப் பழக்கி வசப்படுத்துவது என்பது அதன் பழம்பொருள். சூஃபியாக்கள் நோன்பாலும் விழிப்பாலும் மனத்தைப் பழக்குவதற்கு அதனைச் சூட்டினர். நம் முன்னோர் ‘ரியாளத்து’ என வழங்கியது இதுவே. இன்றைய அறபு நாடுகளிலோ அச்சொல் விளையாட்டையும் தேகப்பயிற்சியையும் குறிக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனப்பயிற்சி பற்றிய பாகத்திலேயே சிறுவர் வளர்ப்பையும் வைத்தார்கள். பகலில் ஒரு பொழுது பிள்ளை நடந்தும் உடலை அசைத்தும் பழகவேண்டும், இல்லையேல் சோம்பல் மேலிடும் என்பதும், ஓதி முடித்தவனை விளையாடவிடாது தடுத்தால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்பதும் அங்கே காணும் கருத்துகள்.

சென்னை மண்ணடியில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் மூன்று மாடி ஏறி நம்மிடம் ஓத வருகின்றனர். முதல் ஆயத்தைத் தொடங்குமுன் பலருக்கு மூச்சு வாங்குகிறது. நோயாளிகள் அல்லர், வீட்டில் நன்றாகவே உண்பவர்கள். இதயம் உழைத்துப் பழகவில்லை, அவ்வளவே. ஓடிப் பழகிய பிள்ளையின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைச் செலுத்துகிறது; தசைகள் அதிலிருந்து பிராணவாயுவை நிறைய ஏற்கின்றன. ஓய்விலும் அவனது நாடி நிதானமாக அடிக்கும். 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு விரைய உடலை இயக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறி. 2016ஆம் ஆண்டுக் கணக்கில், உலகில் 11 முதல் 17 வயதுடைய ஐவரில் நால்வர் அவ்வளவு இயங்கவில்லை.

எங்கே ஓடுவது? திருவல்லிக்கேணிப் பிள்ளைக்கு மெரினா நடைதூரம். மண்ணடிப் பிள்ளைக்குக் கடல் அருகிருந்தும், இடையே துறைமுகம் நிற்கிறது. மூர் தெருவில் சரக்கு வண்டிகளுக்கே இடம் போதவில்லை. கனடாவின் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட ஓட்டச் சோதனைக்குத் தேவை 20 மீட்டர் நீளம் மட்டுமே. இரு கோடுகளுக்கிடையே ஒலிக்கேற்பப் போய்வரவேண்டும், வேகம் படிப்படியாகக் கூடும். அந்த 20 மீட்டர் நம் பள்ளிவாசல் முற்றங்கள் சிலவற்றில் உண்டு. பள்ளியில் விளையாட்டா என முகஞ்சுளிக்கும் முதவல்லிமார், மதீனத்துப் பள்ளியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண நாயகம் (ஸல்) அவர்கள் துணைநின்றதையும் புகாரியில் பார்க்கட்டும்.

இடத்தைவிட அரியது நேரம். வெயில் தணிந்து, இருள் கவியாத பொழுது அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்டதே. அதனைப் பங்கிட்டுக் கொண்டிருப்பவர்கள் டியூஷன் ஆசிரியர்களும் ஓதிக்கொடுக்கும் நாமும். அவர்கள் பங்கைக் கேட்க நமக்கு உரிமையில்லை. நம் பங்கை விட்டுக்கொடுக்கத் தடையுமில்லை. சுபுஹுக்குப் பின்னோ மஃரிபுக்குப் பின்னோ ஓதல் நடந்தால் ஓதலுக்குக் குறைவு வராது. “பிள்ளையை ஓத அனுப்பினோம், ஓட அனுப்பவில்லை” என்றார் ஒரு தந்தை. சொல் நயம் நன்று. பிள்ளையின் மூச்சை அவர் கேட்டதில்லை போலும்.

இடமே வாய்க்காதவர்க்கு மொட்டை மாடியும் ஒரு கயிறும் போதும். தாண்டுகையில் பேச முடிந்து, பாட மூச்சுப் போதாவிடில் அதுவே மிதமான அளவு.

நம் வகுப்பை மஃரிபுக்குப் பின் மாற்ற ஜமாஅத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.