வாயைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு வருடம்

இந்த விஷயத்தை எழுதத்தான் வேண்டுமோ என்று என் மனைவி கேட்டா. சீட்டுக் காசு போன கதையை எழுதுகிறார்கள், நிலக்கீழ் வீட்டுக்குள் வெள்ளம் வந்த கதையை எழுதுகிறார்கள், வாய் நாற்றத்தை ஆர் எழுதுவினம் என்பது அவவின் நியாயம். ஒருவரும் எழுதாதபடியால்தான் நான் இரண்டு வருடம் வீணாக அலைந்தேன். ஆனபடியால் எழுதுகிறேன்.

நான் 2011இல் ரொறன்ரோவுக்கு வந்தவன். மனைவியும் மகளும் வந்து சேர 2015 ஆகிவிட்டது. இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளையை ஆறு வயதில் விமான நிலையத்தில் தூக்கினேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தகப்பனை அடையாளம் தெரியவில்லை, பழகச் சரிவரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு கிழமை கழித்து, இரவு படுக்கையில் நரியும் காகமும் கதை சொல்லிக்கொண்டிருக்கையில் சொன்னாள்:

"அப்பா, அங்கால பாத்துச் சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"உங்கட வாய் மணக்குது."

மனைவி அறைக்குள்தான் இருந்தா. ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பேக்கரியில் நான் ஏதும் கேட்டால் சுப்பர்வைசர் ஓர் அடி பின்னுக்குப் போவார். ஆங்கில வகுப்பில் சோடி சேர்ந்து கதைக்கச் சொன்னால் பக்கத்து மனிதர் கொப்பியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். கறுப்புத் தோலுக்காக ஒதுக்குகிறார்கள் என்று நான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். தன் வாய் மணம் தனக்குத் தெரியாது என்பது உண்மைதான். நாளெல்லாம் கூட இருக்கிற மணத்துக்கு மூக்குப் பழகிவிடும். மணிக்கட்டை நாக்கால் நக்கி, சற்றுக் காயவிட்டு மணந்து பார்த்தால் ஓரளவு தெரியும் என்று பின்னர்தான் அறிந்தேன்.

உள்ளி, வெங்காயம், கருவாடு மூன்றையும் நிறுத்தினேன். கராம்பும் ஏலக்காயும் காற்சட்டைப் பையில் இருந்தபடி. வாய் எரிகிற மதுசாரம் கலந்த மவுத்வாஷை ஒரு நாளைக்கு நாலு தரம் கொப்பளித்தேன். அது வாயை இன்னும் காயவைத்தது. எச்சில் குறைந்தால் மணம் கூடும் என்பது அப்போது ஆருக்குத் தெரியும்? இரவு வேலை, தூக்கமின்மை, தீராத தண்ணீர் விடாய். எல்லாம் பேக்கரி அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.

வகுப்பில் கதைப்பதை விட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவேன். கூச்ச சுபாவம் என்று ஆசிரியை நினைத்தா. கூட வந்தவர்கள் அடுத்த படிக்குப் போக, நான் அதே படியிலேயே இருந்தேன். ஆங்கிலம் வராததால் பகல் வேலைக்கு மாற முடியவில்லை. இப்படி ஒன்றை ஒன்று பிடித்து இழுத்தது.

2016இல் குடும்ப வைத்தியரிடம் போனேன். மொழிபெயர்க்க ஆளில்லை என்று ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கும் வெட்கப்படுகிற விஷயம் இதுதான். "அப்பாவின்ர வாய் மணக்குது" என்று ஒரு குழந்தையை அந்நிய மனிதருக்கு முன்னால் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. "வயிறு சரியில்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். அவள் அப்படியே சொன்னாள். வைத்தியர் வயிற்றுக்குக் குளிசை தந்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. பல மாதம் அந்தக் குளிசையை விழுங்கினேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது மனைவி. "இஞ்சேருங்கோ, தலகணி உறையில ரத்தம்" என்றா ஒரு நாள். பல் தீட்டும்போது இரத்தம் வருவது எனக்குப் புதிதல்ல. பிரஷ் முரடு என்று விட்டுவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு சிவந்து வீங்கி, பற்கள் நீண்டதுபோல் இருந்தன. கீழ்ப் பல் ஒன்று ஆடியது. வன்னியில் உமிக்கரியால் தீட்டி, ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழித்து வளர்ந்த எங்களுக்கு, பல் வலித்தால் மட்டுமே வைத்தியர். எனக்கு ஒருநாளும் வலிக்கவில்லை.

தனியார் பல் வைத்தியர் சொன்ன தொகை இரண்டு மாத வாடகை. அப்போதுதான் குடியேற்றச் சேவை நிலையத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி, ரொறன்ரோ பல்கலைக்கழகப் பல் வைத்திய பீடத்தில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த செலவில் பார்ப்பார்கள் என்று சொன்னா. 2017இல் போனேன். அந்த அம்மாவே மொழிபெயர்க்க வந்தா. அவவுக்கு முன்னால் முதல் தடவையாக "எனக்கு வாய் நாறுது" என்று முழு வசனமாகச் சொன்னேன். அவ முகம் சுளிக்கவில்லை, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னா. அவ்வளவுதான். இதற்கா இரண்டு வருடம்?

மாணவி மெல்லிய அளவுகோல் ஒன்றால் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் அளந்து இலக்கம் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரை நல்லது. எனக்கு ஐந்து, ஆறு, ஓரிடத்தில் ஏழு. அந்தக் குழிகளுக்குள் பிரஷ் போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அங்கே புரதத்தை அழுகவைத்துக் கந்தக வாயுக்களை உண்டாக்கும். அழுகிய முட்டையில் மணக்கிற அதே வாயுவும் அதில் ஒன்று. கராம்பு அதை என்ன செய்யும்?

பிறகு அந்தப் பிள்ளை கேட்டது என்னைத் திடுக்கிட வைத்தது. "இரவில் சலம் கழிக்க எத்தனை தரம் எழும்புகிறீர்கள்? சீனி பார்த்ததுண்டா?" பார்த்ததில்லை. எனக்கு வயது 38. இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 9.8 வீதம் என்று வந்தது. 6.5 வந்தாலே சலரோகம். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்று விளங்கப்படுத்தினார்கள். அப்பா சலரோகத்தில் கால் விரல் இழந்தவர். வாய் மணந்திராவிட்டால் நானும் எதை இழந்த பிறகு அறிந்திருப்பேனோ.

விறைக்க ஊசி போட்டு, வாயை நான்கு பங்காகப் பிரித்து, நான்கு தடவை அடிவரை சுத்தம் செய்தார்கள். ஆடிய பல்லைப் பிடுங்கினார்கள். சீனிக்கு மெற்போமின். பல்லிடுக்குக்குச் சின்னப் பிரஷ். நாக்கு வழிக்கச் சொன்னபோது சிரிப்பு வந்தது. ஈர்க்கு கிடைக்காத நாட்டுக்கு வந்து விட்டுவிட்ட பழக்கம்.

எல்லோருக்கும் முரசுதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. தொண்டைச் சதையில் சேரும் வெள்ளைக் கட்டி, மூக்கடைப்பு, புகைத்தல், வாயைக் காயவைக்கும் சில குளிசைகள், கழற்றிக் கழுவாத கட்டுப்பல் என்று பல உண்டு. சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றமென்றால் உள்ளே மணியோ பஞ்சோ போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வாய்க்குள்தான். வயிறு அரிதிலும் அரிது.

புதிதாக வந்தவர்களுக்கு: ஒன்ராறியோ சுகாதார அட்டை சாதாரண பல் வைத்தியத்துக்குச் செல்லாது. நான் தவணை முறையில் கட்டினேன். 2024இல் கனடிய பல் பராமரிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வேறு பல் காப்புறுதி இல்லாத, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்கள், வரிப் பத்திரம் நிரப்பியிருந்தால் விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களில் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ உண்டு. போகும்போது மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.

நாலாவது தடவை சுத்தம் செய்து சில கிழமை கழித்து, மணிக்கட்டை மணந்து பார்த்துவிட்டு, இரவு மகளின் கட்டிலில் போய் இருந்தேன். எட்டு வயதாகிவிட்டது. நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கையில். நரியும் காகமும் சொல்லட்டோ என்றேன். "வேண்டாம் அப்பா, நான் இதை வாசிக்கிறன், நீங்கள் கேளுங்கோ" என்றாள். முகத்தைத் திருப்பாமல்தான் வாசித்தாள். பாதி விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.