மூன்று நாளுக்கு மேல் ஒரு விருந்து

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. வந்தவர் நான்காம் நாளும் தங்கிவிட்டால் வீட்டில் கேள்விகள் எழும். எந்த அறையைக் கொடுப்பது, எவ்வளவு அரிசி கூட்டிப் போடுவது, எப்போது கிளம்புவார் என்று எப்படிக் கேட்பது? எல்லை தாண்டி வந்து நிற்பவர்களை வைத்துக்கொண்டு அரசாங்கங்கள் படும் பாடும் ஏறத்தாழ இதுதான். முதல் நாள் சோறு போடுவது பெரிய வேலை. ஆனால் அதைவிடப் பெரிய வேலை, வந்தவர் எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாமலே திட்டம் போடுவது.

தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு டில்லியில் மொழிபெயர்ப்பால் பிழைக்கும் எனக்கு இந்தப் பிரச்சினை முதலில் ஒரு சொல்லாகத்தான் வந்து சேர்ந்தது. நாம் 'அகதி' என்கிறோம், கதியற்றவர். இந்திக்காரர்கள் 'சரணார்த்தி' என்கிறார்கள். சரண் தேடி வந்தவர். வங்காளிகளின் 'உத்வாஸ்து', பிறந்த மனையிலிருந்து பெயர்த்தெறியப்பட்டவர். ஒரு சொல் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கிறது. இன்னொன்று விட்டு வந்த இடத்தைப் பார்க்கிறது. நம் சொல் இரண்டையும் விட்டுவிட்டு ஆளின் பரிதாபத்தை மட்டும் பார்க்கிறது. லாஜ்பத் நகரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் லாகூர்ப் பக்கத்திலிருந்து குழந்தையாக வந்தவர். அவர் எதிரில் 'சரணார்த்தி' என்று சொல்லிவிட முடியாது. "நாங்கள் புருஷார்த்திகள்" என்று உடனே திருத்துவார். சொந்த முயற்சியில் எழுந்தவர்கள் என்று பொருள். பிரிவினைக்குப் பின் டில்லியில் குடியேறிய பஞ்சாபிகள் பலர் விரும்பிய சொல் அது.

சட்டத்தில் தேடினால் இந்தச் சொற்கள் எதற்கும் நேரான வகை இல்லை. அகதிகள் குறித்த 1951-ம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 2025-ல் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. புதியதிலும் அகதி என்று தனி வகை கிடையாது. விசா முடிந்தும் ஊர் சுற்றுபவரும் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும் அடிப்படையில் வெளிநாட்டவர்தான். வேறுபாடு காட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக ஓர் ஆணை போட வேண்டும்.

அப்படியானால் கோடிக்கணக்கானவர்களை இந்த நாடு எப்படிச் சமாளித்தது? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக. பிரிவினையின்போது மேற்கிலிருந்து வந்தவர்கள் இனித் திரும்பப்போவதில்லை என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பாகிஸ்தான் போனவர்கள் விட்டுச்சென்ற சொத்துகளைக் கொண்டு ஈடு கொடுத்தது. அதற்கென்று 1954-ல் ஒரு சட்டமே வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. 1950-ல் நேருவும் லியாகத் அலி கானும் செய்துகொண்ட உடன்பாட்டை நம்பி, அவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று டில்லி காத்திருந்தது. அவர்கள் திரும்பவில்லை. கல்கத்தாவைச் சுற்றிக் காலி நிலங்களில் குடிசை போட்டார்கள். 1958-ல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. ஆற்றுச் சமவெளியில் நெல் விளைவித்துப் பழகியவர்களைக் கொண்டுபோய் மத்திய இந்தியாவின் வறண்ட காட்டு மண்ணில் இறக்கினார்கள். 1978-ல் அங்கிருந்து பல்லாயிரம் பேர் கிளம்பி சுந்தரவனத்துக்கு வந்தார்கள். மரிச்ஜாப்பி தீவில் தங்கியவர்களை 1979-ல் மேற்கு வங்க அரசு வலுக்கட்டாயமாக வெளியேற்றியது. எத்தனை உயிர் போயிற்று என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 'தற்காலிகம்' என்ற ஒரு தவறான கணிப்பின் விலை அது.

கணிப்பு பலித்த அபூர்வமான வருடம் 1971. மார்ச் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். திரிபுராவின் மக்கள்தொகையே அப்போது சுமார் 15.5 லட்சம், அங்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு. கல்கத்தாவின் சால்ட் லேக்கில் பதிப்பதற்காகப் போட்டிருந்த குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. பொங்காவ் முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம்வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மீது உலகத்துக்கு நம்பிக்கை பிறந்ததில் அந்த முகாமுக்கும் பங்கு உண்டு.

செலவு? என் அப்பா பிலாயில் வேலை பார்த்த காலத்தில் ஊருக்கு எழுதிய கடிதங்களை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 1972-ம் வருடத்துக் கவர்களில் வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் ஐந்து பைசாவில் இன்னொன்று ஒட்டியிருக்கும். அகதிகள் நிவாரணத்துக்கான வரி அது. 1971 நவம்பரில் தொடங்கி 1973 மார்ச் வரை வசூலித்தார்கள். எல்லையையே பார்த்திராத குடும்பங்களும் கடிதத்துக்கு ஐந்து பைசா வீதம் அந்த விருந்துக்குப் பங்கு கொடுத்திருக்கின்றன. போர் முடிந்து வங்கதேசம் பிறந்த சில மாதங்களில் பெரும்பாலோர் திரும்பினார்கள். அவர்கள் திரும்புவதற்கு ஒரு போரே தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

திபெத்தியர்கள் விஷயத்தில் நடந்தது மூன்றாவது விதம். 1959-ல் தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்தவர்களும் திரும்பும் நம்பிக்கையோடுதான் வந்தார்கள். ஆனாலும் அன்றைய மைசூர் அரசு பைலகுப்பெயில் சுமார் 3,000 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. தனிப் பள்ளிகள் வந்தன. திரும்பினால் நல்லது, திரும்பாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. என் பார்வையில் இதுதான் விவேகம்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. விருந்தளிப்பது எந்த அரசாங்கம்? கப்தாய் அணையால் நிலம் இழந்தும் துன்புறுத்தலுக்கு அஞ்சியும் வந்த சக்மா, ஹாஜோங் மக்களை 1964 முதல் மத்திய அரசு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. எங்கள் மண்ணில் நாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்று உள்ளூர்ப் பழங்குடிகள் எதிர்த்தார்கள். அந்தப் பயத்தை வெறும் பகைமை என்று தள்ளிவிட முடியாது. 1996-ல் சக்மாக்களின் உயிருக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்குக் கட்டளையிட வேண்டியிருந்தது. மிசோரத்தில் நேர் எதிர். 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் சின் மக்கள் வந்தபோது, அகதி அந்தஸ்து தர மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று உள்துறை அமைச்சகம் எழுதியது. வந்தவர்கள் எங்கள் ரத்த உறவுகள், பாராமுகமாக இருக்க முடியாது என்று அப்போதைய முதல்வர் ஜோரம்தாங்கா பிரதமருக்கு எழுதினார். ஓரிடத்தில் டில்லி அழைத்து வந்தது, மாநிலம் முகம் சுளித்தது. மற்ற இடத்தில் மாநிலம் கதவைத் திறந்தது, டில்லி தாழ்ப்பாளைத் தேடியது.

தனிச் சட்டம் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. நீண்ட எல்லைகள், அண்டை நாடுகளோடு உறவு, கூட்டத்தோடு ஆயுதமும் வந்துவிடும் அபாயம். கை கட்டப்படாமல் இருந்தால்தான் நிலைமைக்கேற்ப முடிவெடுக்க முடியும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஆணையால் கிடைக்கும் தயவு ஆணையாலேயே போகவும் கூடும். அது பெற்றோரோடு நிற்பதில்லை, பிள்ளைகளையும் தொடர்கிறது. 1987 ஜூன் 30 அன்று இங்கு பிறந்த குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும், சட்டப்படி இந்தியக் குடிமகன். மறுநாள் பிறந்தால், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அது வெளிநாட்டுக் குழந்தை. ஒரே முகாமில், ஒரே மருத்துவச்சியின் கையில் பிறந்திருந்தாலும் அப்படித்தான்.

2021-ல் தமிழக அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. சொல்லை வைத்துப் பிழைக்கும் எனக்கு அதில் சந்தோஷம் உண்டு. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025-ல் விலக்கு அளித்தது. அதுவும் நல்ல காரியம். ஆனால் விலக்கு வேறு, உரிமை வேறு. 1983-க்குப் பின் வரத் தொடங்கியவர்களுக்கு இங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பள்ளிகளில் நம் பாடங்களைப் படிக்கிறார்கள். ராமேஸ்வரத்துக் கரையில் இறங்கிய தாத்தாவைப் பார்த்து எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பதிலாவது அர்த்தம் உண்டு. இங்கேயே பிறந்த பேத்தியிடம் அதைக் கேட்டால், எங்கே திரும்புவது என்று அவள் நம்மைத்தான் கேட்பாள். எத்தனை வருடம் கழிந்தால் ஒருவர் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள் என்பதை அரசாங்கம் ஒரு முறை சட்டமாக எழுதிவைக்கட்டும். எவ்வளவு நீண்ட காலமாக இருந்தாலும் சரி, அது ஓர் எண்ணாக இருக்கட்டும்.