அம்மாவின் டூட்டி நோட்டு

மாதக் கடைசியில் அம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்து டூட்டி நோட்டு போடுவாள். மாவட்ட அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் அப்போது அவள்தான் இன்சார்ஜ் சிஸ்டர். நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவது என் வேலை. இடது ஓரத்தில் சிஸ்டர்களின் பெயர், மேலே தேதி, கட்டத்துக்குள் காலை, மதியம், இரவுக்கு எம், ஈ, என். இரவுக்கு மட்டும் சிவப்பு மை. கைக்குழந்தை உள்ளவளுக்குச் சிவப்பு அடுத்தடுத்து விழாது. தீபாவளிக்கு விடுப்பு எடுத்தவளுக்குப் பொங்கலன்று வேலை. இன்சார்ஜுக்கு இரவு கிடையாது என்பதுதான் அங்கே வழக்கம். அம்மா மாதத்துக்கு இரண்டு இரவு தன் பெயரிலும் எழுதுவாள்.

"நைட்டுல வார்டு எப்படி இருக்கும்னு மறந்துட்டா, அடுத்தவளை அனுப்பக் கூடாது" என்பாள்.

நான் இன்று ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக்குப் பொறுப்பாளர். ஆறு பேர் கொண்ட துறை. தேர்வுப் பணியைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பேன். கடைசியில் விடைத்தாள் கட்டுகளை நானே அடுக்குவேன். நாற்பது படுக்கையும் ஓயாத பிரசவமும் அம்மாவிடம் இருந்தன. அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

அவள் தடுமாறிய ஓர் இரவு உண்டு. பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தியிடம் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் வரிசையாக 120/80, 120/80 என்று எழுதி வைத்துவிட்டாள். பாதிப் பேருக்கு அவள் கருவியைக் கட்டவே இல்லை. பதினோராம் படுக்கையில் தலைப்பிரசவக்காரி தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள். கேஸ் ஷீட்டில் 120/80. அம்மா தானே கட்டிப் பார்த்தபோது 160/110. டாக்டரை எழுப்பி, வலிப்பு வருவதற்கு முன்பே மருந்து ஏற்றியதில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் விசாரணையில் மாணவியை வெளியே நிறுத்திவிட்டு, மெமோவைத் தனக்குத் தரச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அதைப் பெருந்தன்மை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது அம்மா எரிச்சல்பட்டாள்.

"அவ பொய் எழுதினது தப்புதான். ஆனா பிரஷர் பாருன்னு மட்டும் சொன்னேனே தவிர, யாரை முதல்ல பார்க்கணும், எந்த நம்பர் வந்தா என்கிட்ட ஓடி வரணும்னு சொல்லல. வேலையைக் கொடுக்கலாம். பொறுப்பை எப்படிட்டீ கொடுக்க முடியும்?"

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் செவிலியம் பற்றி எழுதிய சிறு நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தான் அருகில் இருக்கும்போது நடப்பது, தான் இல்லாதபோதும் நடக்கும்படி செய்பவளே பொறுப்பாளர் என்பது அதன் சாரம். நான் அதைப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். அம்மா அதைப் படித்தே இருக்க மாட்டாள்.

ஆனால் அந்த நோட்டில் சிலருக்குக் கட்டமே இல்லை. ரத்தத்துணி அலசும், பெட்பேன் எடுக்கும் ஆயாக்களின் பெயர்கள் வேறொரு பதிவேட்டில் இருந்தன. அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அம்மா அவர்களை "அக்கா" என்று கூப்பிடுவாள், அவர்கள் கையால் டீ வாங்கிக் குடிப்பாள். அந்த வேலை ஏன் அந்தத் தெருக்களுக்கு மட்டும் போகிறது என்று கேட்டாளா என்றால், எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கும் நோட்டு கிடையாது. அம்மாவுக்குச் சிவப்பு மை விழுந்த நாளெல்லாம் பதினோரு வயதில் நான் உலை வைத்தேன், தண்ணீர் பிடித்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் படித்தான். "நம்ம வீட்டுக்கும் ஒரு நோட்டு போடும்மா" என்று ஒருமுறை கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, சாம்பாருக்குப் புளி ஊற வைக்கச் சொன்னாள்.

சில வருடங்களுக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். பெண்கள் வார்டில் இரவுக்கு ஒரே சிஸ்டர், நாற்பது பேருக்கு மேல் நோயாளிகள். அந்தப் பெண்ணும் ஒப்பந்த அடிப்படையில் வேலைக்குச் சேர்ந்தவள்தான். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்களே, அப்போது அவர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். குழுவை நடத்துவது எப்படி என்று வகுப்பெடுக்கலாம். நடத்தக் குழு வேண்டுமே.

அந்த சிஸ்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்தது எங்களுக்குத்தான். "டிரிப்ஸ் பாட்டில் முடியப்போறப்ப சொல்லுங்கம்மா. ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைங்க." பெண்கள் வார்டில் இரவு ஆண் துணை தங்கக் கூடாது என்பது விதி. எதிரில் இருந்த ஆண்கள் வார்டில் தரையில் படுத்திருந்தவர்களும் மனைவியரும் தாய்மாரும்தான். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி யார் என்று எந்த நோட்டிலும் எழுதத் தேவையில்லை.

இரவு நான், பகலில் அண்ணன் என்று பிரித்தேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பத்து மணிக்குப் போன் வந்தது. அம்மா பெட்பேன் கேட்கிறாள், ஆயாவைக் காணோம், நீ எப்போது வருவாய்? "திரையை இழுத்துவிட்டு நீயே வை" என்றேன். முப்பத்தைந்து வருடக் கணக்கைத் தீர்த்துவிட்ட நிம்மதி எனக்கு. அதன்பின் நடத்திய பாடம் நன்றாகவே அமைந்தது.

சாயங்காலம் போனபோது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். இரவெல்லாம் பேசவில்லை. விடியும் நேரத்தில், "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. யாருக்கு எந்த வேலை என்று யோசித்தேன், எழுதினேன், கொடுத்தேன். படுத்திருப்பவளின் உடம்பு என் கணக்கிலேயே வரவில்லை. அண்ணனுக்குப் பாடம் நடத்த அம்மாவைக் கரும்பலகையாக்கியிருந்தேன். அவளுடைய கூச்சமும் அதே வீடு அவளுக்குக் கற்றுக் கொடுத்ததுதான் என்று வாதாடலாம். வகுப்பில் நான் அப்படித்தான் வாதாடுவேன். அன்று வாய் வரவில்லை.

அண்ணன் வந்ததும் தாளையும் பேனாவையும் கேட்டாள். கை நடுங்கியதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெட்பேனுக்கு ஆயாவை முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும். ஆயா வராவிட்டால் பக்கத்துப் படுக்கை மருமகளை அம்மாவே கேட்டுக்கொள்வாள். கஞ்சி, மாத்திரை, டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்வதைக் குறித்து வைப்பது அண்ணன் பொறுப்பு.

"துணியும் அவன் அலசட்டும்" என்றாள்.

அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். சோப்புத்தூள் எவ்வளவு போட வேண்டும் என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"ரெண்டு ஸ்பூன். நுரை போகலேன்னா இன்னொரு தண்ணி விடு. அதுக்கெல்லாம் அவளைக் கூப்பிடாத."